சரீரத்தைக் கேட்க ஒருவர்

ஓல்போர்க்
12.01.2025

அன்புள்ள தம்பி ராஜாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் கிருபாஷினியும், மகன் ஜொனத்தனும் மருமகள் நவோமியும் சுகமாய் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் இந்த மனுஷி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். தொலைபேசியில் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

றொபேட் இங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். எனக்கு இப்போது நாலாம் மாடியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற வேலை. போன செவ்வாய் தட்டைக் கொண்டுபோய் வைத்தபோது, "அக்கா, இதுக்கு ஒரு பச்சைமிளகாயும் கிடையாதோ?" என்று ஒரு குரல் கேட்டது. ஆளைப் பார்த்து அடையாளம் பிடிக்கவில்லை. குரலைத்தான் பிடித்தேன். உங்கள் சபை அவனை வெளியே போட்ட பிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் ஹொல்ஸ்டெப்ரோவை விட்டுப் போனவன், மூன்று வருஷமாக இதே ஊரில் பஸ் ஓட்டியிருக்கிறான். கணையத்தில் புற்றுநோய். ஈஸ்டரைக் கண்டால் பெரிய காரியம் என்கிறார்கள்.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி முகாமில் நீயும் அவனும் ஒரே போர்வைக்குள் படுத்த கதையை நீதான் எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாய். மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் என்று அவனுக்கு ஒருவரும் இல்லை. உன்னைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "ராஜா சுகமோ?" சுகம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டான்.

ஒருமுறை வந்து பார், தம்பி. கார் ஓட்டம் இரண்டு மணித்தியாலம்தானே.

உன் அக்கா
அருள்மலர்


ஹொல்ஸ்டெப்ரோ
02.02.2025

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலுக்காக சபையில் விசேஷமாக ஜெபித்தோம். எனக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. கிருபாஷினி தேத்தண்ணியை வெறும் தண்ணியாக்கிவிட்டாள்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு சபையில் நாடகம் போடுகிறோம். கடைசி இரவுப் போசனத்தில் இருந்து கல்லறை வரைக்கும். பாஸ்டர் ஆட்களுக்கு வேஷம் பிரிக்கப் பட்ட பாடு சொல்லி முடியாது. ஆளையே தெரியாது என்று இயேசுவை மறுதலித்த பேதுருவாக நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. யூதாஸ் என்றதும் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு யோசேப்பு. அதுதான், அரிமத்தியா ஊர் ஆலோசனைக்காரன், இயேசுவின் சரீரத்தைப் பிலாத்துவிடம் கேட்டு வாங்கி அடக்கம் செய்தவன். "மூப்பர், உங்களிட்டைத்தான் அந்த நீளக் கறுத்தக் கோட் இருக்கு. மதிப்பாத் தெரியும்" என்றார் பாஸ்டர். பிலாத்து எங்கள் ஜொனத்தன். வீட்டில் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்கிறவன், மேடையில் என்னைப் பார்த்து "நீர் யார்? அவருக்கு நீர் என்ன உறவு?" என்று அதட்டுகிறான். "ஐயா, அந்தச் சரீரத்தை எனக்குத் தாரும்" என்று நான் கேட்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வசனம்.

சுற்றுவதற்குப் பெரிய வெள்ளைத் துணி ஒன்று தேவை. உங்கள் ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட படுக்கைத் துணி ஏதும் கிடைக்குமா?

றொபேட்டை ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

தம்பி
மூப்பர் அன்புராஜா


ஓல்போர்க்
10.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் சீனிக்குக் கிருபாஷினி செய்வதுதான் சரி. எனக்கு எழுதும்போது மூப்பர் என்று கையெழுத்து வைக்காதே. உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான்.

நாடகத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். றொபேட்டுக்கு ஒரு வரி. அந்த வரியை அவனுக்கு வாசித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் அவனிடம் நேரே கேட்டுவிட்டேன், சபை உன்னை ஏன் தள்ளியது என்று. சிரித்துச் சிரித்துத்தான் சொன்னான். உங்களோடு இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருஷம் ஒரே மேசையில் நின்ற சிவானந்தன் செத்தபோது, அவருக்கு ஆண்பிள்ளையும் இல்லை, டென்மார்க்கில் சொந்தமென்று ஒரு ஆணும் இல்லை. மகள் துவாரகா செய்யட்டும் என்றால் ஐயர் ஒப்பவில்லை. றொபேட்தான் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, கொள்ளிக்குடம் தூக்கியிருக்கிறான். யாரோ அதைப் போனில் படம் எடுத்து உங்கள் பாஸ்டருக்கு அனுப்பிவிட்டார்கள். இரட்சிக்கப்பட்டவன் சைவச் சடங்கு செய்தான் என்று கூட்டம் கூடிக் கை உயர்த்தி வெளியே போட்டீர்களாம். கொள்ளி வைக்க ஆளில்லாத பிணத்துக்குத் தோள் கொடுத்த மனுஷனை. எனக்கு வயிறு எரிகிறது, ராஜா.

அந்தக் கூட்டத்தில் நீயும் இருந்தாய்தானே? நீ என்ன சொன்னாய்?

ஆஸ்பத்திரித் துணியை வெளியே கொடுக்கமாட்டார்கள். உன் கலியாணத்துக்கு நான் வாங்கித் தந்த எட்டுமுழ வேட்டி இருக்குமே, பச்சைக் கரை போட்டது. அது போதும்.

அக்கா


ஹொல்ஸ்டெப்ரோ
06.03.2025

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலையும் ஒத்திகையுமாக நாட்கள் ஓடிவிட்டன. இந்த வருஷக் கடைசியோடு தபால்காரர் கடிதம் கொண்டுவருவதையே நிறுத்திவிடுவார்களாம், இன்று செய்தியில் சொன்னார்கள். நாங்கள் எழுதத் தொடங்கிய நேரத்தைப் பாருங்கள்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் கை உயர்த்தவில்லை, அக்கா. அதை நீங்கள் அறிய வேண்டும். முப்பத்தொரு பேர் இருந்த இடத்தில் உயராத கை என்னுடையது ஒன்றுதான். யோசேப்பும் அப்படித்தான். மற்ற ஆலோசனைக்காரர் எல்லோரும் இயேசுவுக்கு விரோதமாக முடிவெடுத்தபோது அவன் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். ஒத்திகையில் அந்த இடம் வரும்போது எனக்கு மனம் ஏதோ செய்கிறது.

அந்த வேட்டி இப்போது என்னிடம் இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. துணி நாங்கள் இங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.

ஜொனத்தனுக்கும் நவோமிக்கும் ஆவணியில் பிள்ளை பிறக்க இருக்கிறது. பாஸ்டருக்குக் கால் நிலத்தில் இல்லை. முதல் பேரப்பிள்ளை அல்லவா. எனக்கும் அப்படித்தான்.

தம்பி
அன்புராஜா


ஓல்போர்க்
14.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

நவோமியின் வயிறு நலமாய் நிறையட்டும். அந்தப் பிள்ளையின் முகத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை இரண்டு தரம் கிழித்து மூன்றாம் தரம் எழுதுகிறேன்.

கை உயர்த்தவில்லை என்பதைக் காணிக்கை போட்டவன் மாதிரி எழுதியிருக்கிறாய். கை உயர்த்தாதவனுக்கு வாயும் இல்லையா?

றொபேட் மெலிந்துகொண்டே போகிறான். நான் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருக்கிறேன். நேற்று உன்னைத் திட்டினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. "அவனைக் கரைச்சல்படுத்தாதையுங்கோ அக்கா. கதைக்கிறன் எண்டு சொன்னவன். ஒரு நாளைக்குக் கதைப்பான்" என்றான். எப்போது சொன்னவன், என்ன கதைக்கிறேன் என்று சொன்னவன் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தான். பொய் நித்திரை எனக்குத் தெரியும்.

ஆகவே உன்னைக் கேட்கிறேன். நீ அவனுக்கு என்ன சொன்னாய்?

இன்னொன்று. நெருங்கிய உறவு யார் என்று இங்கே நேர்ஸ் கேட்டு எழுதினாள். அவன் யோசிக்கவே இல்லை. ஹொல்ஸ்டெப்ரோவில் என் சகோதரன் இருக்கிறான் என்று உன் பெயரையும் நம்பரையும் பாடமாய்ச் சொன்னான். உனக்குப் போன் எடுப்பார்கள். எடுத்தால் நின்று கதை.

அக்கா


ஹொல்ஸ்டெப்ரோ
30.03.2025

பிரியமான அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சீனி இறங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து எடுத்தார்கள். நான் வேலையில் நின்றேன், மெஷின் சத்தம். சரியாகக் கதைக்க முடியவில்லை. நாடகத்துக்கு மண்டபம் கிடைத்துவிட்டது, இருநூறு பேர் வருவார்கள். முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பார்த்து வருகிறேன்.

தம்பி


ஓல்போர்க்
05.04.2025

தம்பிக்கு,

சுகம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

உனக்கு எடுத்த நேர்ஸ் இன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள், றொபேட்டுக்குக் கொஞ்சம் மூளை குழம்பியிருக்கிறதா என்று. ஏன் என்றேன். "நீங்கள் றொபேட்டின் சகோதரரா?" என்று அவள் கேட்க, நீ இல்லை என்றாயாம். ஆளைத் தெரியுமா என்று கேட்க, பெரிதாகத் தெரியாது என்றாயாம். மெஷின் சத்தம் ஒன்றும் இருக்கவில்லையாம். பின்னால் ஆட்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களாம். பேதுருவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே. பாஸ்டர் வடிவாகத் தேடவில்லை.

றொபேட்டுக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

புதன்கிழமை சிவானந்தனின் மனைவி ஞானேஸ்வரி ரயில் ஏறி வந்தார், ஃபிளாஸ்கில் கஞ்சியோடு. றொபேட் இங்கே கிடப்பதை அவருக்குச் சொன்னது துவாரகா, துவாரகாவுக்குச் சொன்னது நான். கட்டிலில் இருத்தி அவனுக்குக் கரண்டியால் பருக்கினார். பிறகு தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா, இவர் பாவம் தேவையில்லாமல் மாட்டுப்பட்டவர். எங்கடை மனுஷன் சாகேக்கை கேட்டது அன்புராஜாண்ணையைத்தான். அன்புராஜாண்ணை ஓம் எண்டு கையிலை அடிச்சுச் சொன்னவர். அண்டைக்குக் காருக்குள்ளை இருந்து இறங்கி வந்தது றொபேட் அண்ணை."

தம்பி, அந்தக் காருக்குள் என்ன நடந்தது?

அருள்மலர்


ஹொல்ஸ்டெப்ரோ
11.04.2025

அக்காவுக்கு,

இதைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் இருந்து எழுதுகிறேன். கிருபாஷினிக்கு ஒன்றும் தெரியாது.

ஞானேஸ்வரி சொன்னது உண்மை. சிவானந்தனுக்கு வாக்குக் கொடுத்தது நான். அன்று காலையில் குளித்து, நீங்கள் தந்த அந்த வேட்டியைக் கட்டி, மேலே காற்சட்டையைப் போட்டு, அதற்கும் மேலே கறுத்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். றொபேட் சும்மா துணைக்கு வந்தவன். தகனச்சாலை வாசலில் காரை நிற்பாட்டினேன். ஆட்கள் எல்லோரும் வெளியில் நின்றார்கள். எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முதல்தான் ஜொனத்தனுக்கு நவோமியைப் பேசி முடித்திருந்தோம். பாஸ்டர் வீட்டில் பெண் எடுக்கிற மூப்பன் நெற்றியில் திருநீற்றோடு குடம் தூக்கினால் கலியாணம் நிற்கும். மூப்பர் பதவியும் போகும்.

றொபேட் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "கழட்டித் தா" என்றான். நான் கழற்றிக் கொடுத்தேன். அவன் பின்சீட்டில் இருந்து அந்த வேட்டியைக் கட்டினான். "சபையிலை கேட்டால் நான் கதைக்கிறன். நான்தான் அனுப்பினனான் எண்டு சொல்லுவன். நீ பயப்பிடாதை" என்றேன். அவன் சிரித்துவிட்டு இறங்கிப் போனான். நான் காருக்குள்ளேயே இருந்தேன்.

கூட்டத்தில் பாஸ்டர், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டார். றொபேட் ஒரு தரம் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தரம். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நேர்ஸ் எடுத்தபோது நாங்கள் ஒத்திகையில் நின்றோம், பாஸ்டர் பக்கத்தில். என் வாய் தானாகவே இல்லை என்று சொல்லிவிட்டது. பழகிய வாய்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. கண்ணாடியில் முகம் வழிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நாடகம் முடிந்தவுடன், சனிக்கிழமை விடிய வருகிறேன். இருநூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது, இனி ஆளை மாற்ற முடியாது. அதுவரைக்கும் அவனை இருக்கச் சொல்லுங்கள்.

ராஜா


ஓல்போர்க்
18.04.2025, பெரிய வெள்ளி

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் துவாரகா கையில் கொடுத்துவிடுகிறேன். லீவு நாட்களில் தபால் ஓடாது. அவள் பின்னேரம் தாயையும் கூட்டிக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோ திரும்புகிறாள். நீ மேடையில் நிற்கிற நேரம் உன் வீட்டுக் கதவில் கொழுவிவிடுவாள்.

புதன்கிழமை காலை, றொபேட் போய்விட்டான் என்று உனக்கு எடுத்தேன். நீ "ம்" என்றாய். "நாடகம் முடிய வாறன்" என்றாய். அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

உன் கடிதம் செவ்வாய் மத்தியானம் வந்தது. அவனுக்கு அப்போது நினைவு இருந்தது. ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். நேர்ஸுக்கு நீ சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கோ, இஞ்சை குளிர்" என்றான். பிறகு தன் பையைக் காட்டி, "அவன்ரை வேட்டி கிடக்கு. குடுத்துவிடுங்கோ" என்றான். மூன்று வருஷமாகத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறான். கடிதத்தோடு அதையும் அனுப்புகிறேன்.

உடல் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் இருக்கிறது. அடக்கத்துக்குப் பொறுப்பெடுத்து ஒருவர் பெயர் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் நகரசபை எடுத்து எங்கேயாவது வைக்கும். செவ்வாய் காலை பத்து மணிவரை எனக்குத் தவணை தந்திருக்கிறார்கள். ஞானேஸ்வரி, "நான் எழுதுறன் அக்கா, அவர் எங்களுக்குச் செய்தது" என்கிறார். நானும் எழுதலாம், எனக்கென்ன. ஆனால் அவன் சொன்னது வேறு ஒரு பெயரை. அந்த இடத்தைச் செவ்வாய் பத்து மணிவரைக்கும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

வியாழன் பதினொரு மணிக்கு அடக்கம். பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். அவனோடு பஸ் ஓட்டிய இரண்டு டெனிஷ்காரர் வருகிறார்கள். ஞானேஸ்வரி, துவாரகா, நான். முழங்கால் இருக்கட்டும், தூக்குவேன். ஐந்து பேர் ஆகிவிட்டோம்.

அக்கா


ஹொல்ஸ்டெப்ரோ
20.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை நாடகம் நன்றாக நடந்தது. அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என்னை முறித்தது. ஜொனத்தன் "அவருக்கு நீர் என்ன உறவு?" என்று கேட்டான். நான் முழங்காலில் நின்று சரீரத்தைத் தாரும் என்று கேட்டேன். அழுதுகொண்டு கேட்டேன். இருநூறு பேரும் அழுதார்கள். பாஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து, "மூப்பர், இண்டைக்கு யோசேப்பை நேரிலை கண்டமாதிரி இருந்தது" என்றார். கை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நான் கை கொடுத்தேன். உங்கள் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் அவன் கிடக்க, நான் இங்கே நாடகத்தில் சரீரம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது கதவில் பை தொங்கியது. வேட்டியைக் கண்டவுடன் கிருபாஷினி, "இது துலைஞ்சு போச்சு எண்டெல்லே சொன்னனீங்கள்" என்றாள். அவளுக்கு எல்லாம் சொன்னேன். நேற்று முழுதும் அவள் என்னோடு கதைக்கவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருந்தேன். வரவில்லை. ஒளித்துக்கொண்டு வர விருப்பமில்லாமல் போய்விட்டது.

இன்று காலை ஆராதனையில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று பாஸ்டர் சொன்னார். நான் உயர்த்தினேன். நாடகத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி மைக்கைத் தந்தார். காரில் இருந்து கூட்டம்வரை நடந்தது எல்லாம் சொன்னேன். பாதியில் அவர், "மூப்பர், இருங்கோ, பிறகு கதைப்பம்" என்றார். நான் இருக்கவில்லை. நவோமி எழும்பி வெளியே போனாள், ஜொனத்தன் அவளுக்குப் பின்னால் போனான். ஒருவர் மைக்கை நிற்பாட்டிவிட்டார். மிச்சத்தை மைக் இல்லாமல் சொன்னேன். இனி அங்கே எனக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். ஆவணியில் அந்தப் பிள்ளையை என் கையில் தருவார்களோ தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் கேட்க அவன் இருந்திருப்பான். இப்போது சொல்லி யாருக்கு?

இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. செவ்வாய் விடியற்காலை கார் எடுத்து, நானே கொண்டுவந்து தருகிறேன். நேரே பார்த்தால் எனக்கு வாய் வராது, ஆகவே முதலில் இதை வாசியுங்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன். வேட்டியையும் கொண்டுவருகிறேன், அதை அவனுக்குச் சுற்றிவிடச் சொல்லுங்கள், அது அவனுடையது. கிருபாஷினியும் வருகிறேன் என்று இப்போதுதான் சொன்னாள்.

ஒரு உதவி. இதை வாசித்தவுடன், எனக்கு எடுத்த அந்த நேர்ஸ் வேலையில் நிற்கிறாளா என்று கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்து வைக்க முதல் அவளைப் பார்க்க வேண்டும். அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டவள். ஓம், நான்தான் அவனுடைய சகோதரன் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி
ராஜா